'இன்' வலியா, 'ஆன்' வலியா?

இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை



"எனக்கு வயித்துல வலிக்குது." இந்த ஒரு வரியைச் சொல்ல நம்மில் யாருக்கும் இலக்கணப் புத்தகம் வேண்டாம். மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். இதையே இங்கிலீஷில் சொல்லச் சொன்னால்தான் வகுப்பில் கூத்து ஆரம்பமாகும். ஒருவர் 'டு மீ ஸ்டமக் இஸ் பெயினிங்' என்பார். அடுத்தவர் 'பெயின் ஆன் மை ஸ்டமக்' என்பார். மூன்றாமவர் 'அட் ஸ்டமக்' என்று திருத்துவார். கடைசி பெஞ்சிலிருந்து 'ஐ ஆம் அண்டர் ஸ்டமக் பெயின்' என்று ஒரு குரல் வரும். ஆங்கில வாத்தியார் தலையில் கை வைத்துக்கொள்வார். (அவருக்கு வருவது தலைவலி. அதற்கு ப்ரெபொசிஷனே தேவையில்லை. 'ஐ ஹாவ் எ ஹெடேக்' என்றால் முடிந்தது!)

நம்மில் பெரும்பாலோர் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்து, நேராகப் பாலிடெக்னிக்கில் வந்து விழுந்தவர்கள். முதலாண்டு ஆங்கிலப் பாடத்தில் ப்ரெபொசிஷன் என்றால் கோடிட்ட இடத்தை நிரப்புக. பூனை மேஜை மீது, புத்தகம் பைக்குள், ரயில் ஸ்டேஷனில். உடம்பில் ஏற்படும் வலி, எரிச்சல், அரிப்பு, மரமரப்பு இதையெல்லாம் எந்தப் பாடத்திலும் யாரும் சொல்லித் தருவதில்லை. பூனையும் மேஜையும் தெரிந்து என்ன பயன், நம் உடம்பு நமக்குச் சொல்ல வராவிட்டால்?

'டாக்டர் தமிழர்தானே, அவரிடம் எதற்கு இங்கிலீஷ்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. திருவள்ளூர் பெரியாஸ்பத்திரியிலோ இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியிலோ தமிழிலேயே சொல்லுங்கள். அதுதான் சரி, அதுதான் பாதுகாப்பு. அங்கே போய் யாரும் இங்கிலீஷ் பேசிக் காட்ட வேண்டாம். ஆனால் டிப்ளமோ முடித்துவிட்டு நாம் போய்ச் சேரும் இடம் ஆஸ்பத்திரி அல்ல, ஆலை. வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறினால் ஒரு பக்கம் திருவள்ளூர், காக்களூர் தொழிற்பேட்டை. இன்னொரு பக்கம் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறினால் கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே பக்கத்து மெஷினில் நிற்பவர் ஒடிசாக்காரராக இருப்பார், ஷிப்ட் இன்ஜினீயர் வடக்கத்திக்காரராக இருப்பார். நடுவில் ஓடும் பாஷை அரைகுறை இங்கிலீஷ். சிங்கப்பூர், வளைகுடா என்று போகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே டாக்டரும் தமிழராக இருக்க மாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. விபத்து நடந்தால் எழுதி வைக்க வேண்டும். 1948-ல் வந்த தொழிற்சாலைகள் சட்டமே தன் 88-வது பிரிவில், காயத்தால் ஒரு தொழிலாளி 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் நிர்வாகம் அதை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. அந்தக் குறிப்பை முதலில் எழுதுகிறவர் யார்? மேனேஜர் அல்ல. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர், அல்லது டிரெயினி. அதாவது நாளைக்கு நீங்களும் நானும். எந்த இடத்தில் அடி, உள்ளேயா மேலேயா, எதனால் என்று நாம் எழுதுவதை வைத்துத்தான் பின்னால் லீவும் நஷ்டஈடும் பேசுவார்கள். அங்கே ஒரு 'இன்'னும் ஒரு 'ஆன்'னும் சும்மா கிடக்கும் எழுத்துகள் அல்ல.

சரி, விஷயத்துக்கு வருவோம். நாம் ஏன் தடுமாறுகிறோம்?

காரணம் நம் தமிழின் 'ல' தான். வயித்துல வலி, கையில அரிப்பு, கண்ணுல தூசி, கால்ல முள்ளு, முதுகுல அடி. எல்லாவற்றுக்கும் ஒரே 'ல'. எழுத்துத் தமிழில் 'இல்'. ஏழாம் வேற்றுமை. இது இடத்தை மட்டும் சொல்லும். அந்த இடத்துக்கு உள்ளேயா, மேலேயா, ஒரு புள்ளியிலா என்பதைச் சொல்லாது. கேட்பவரே புரிந்துகொள்வார். அதற்காகத் தமிழுக்கு உள்ளும் புறமும் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்கு 'கண்' என்ற உருபைச் சொல்லிவிட்டு, கூடவே உள், புறம், கீழ், மேல் என்று ஒரு பெரிய வரிசையையே அடுக்கி வைத்திருக்கிறார். நம்மிடம் சொல் இருக்கிறது. வேண்டும்போது மட்டும் எடுப்போம், வேண்டாதபோது 'ல' போட்டு ஓட்டிவிடுவோம். இங்கிலீஷ்காரனுக்கு அந்த வசதி இல்லை. அவன் ஒவ்வொரு தடவையும் உள்ளா, மேலா என்று முடிவு செய்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

ஆகவே நான் கண்டுபிடித்த வழி இதுதான். இங்கிலீஷில் யோசிக்காதீர்கள். முதலில் தமிழில் உங்களையே கேளுங்கள்: 'உள்ளேயா? மேலேயா? எங்கே ஆரம்பிச்சு எங்கே போகுது?' பதில் கிடைத்துவிட்டால் ப்ரெபொசிஷன் தானாக வந்து நிற்கும்.

உள்ளே என்றால் 'இன்'. பெயின் இன் மை செஸ்ட், பெயின் இன் மை பேக், கிராம்ப் இன் மை காஃப் (கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது). மேலே, அதாவது தோலில், கண்ணால் பார்க்கக்கூடியது என்றால் 'ஆன்'. எ ராஷ் ஆன் மை நெக், எ கட் ஆன் மை ஃபிங்கர், எ பர்ன் ஆன் மை ஹேண்ட், எ ஸ்க்ராட்ச் ஆன் மை பேக். அதே முதுகுதான். வலி என்றால் இன், கீறல் என்றால் ஆன். அதே விரல்தான். வெட்டு என்றால் ஆன். இரும்புச் சிராய் உள்ளே ஏறி நின்றுவிட்டால் 'எ ஸ்ப்ளின்டர் இன் மை ஃபிங்கர்'. வெல்டிங் பொறி கையில் விழுந்தால் ஆன். ஷூவைத் துளைத்து ஆணி ஏறினால் 'எ நெயில் இன் மை ஃபுட்'. முதல் உதவிப் பெட்டியைத் திறப்பவருக்கு இந்த ஒரு சொல்லே பாதி செய்தி. பர்னால் போதுமா, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். கெமிக்கல் டின்னைப் பாருங்கள். ஆசிட், தின்னர், டிகிரீசர் எதுவாக இருந்தாலும் சரி. ஐக்கிய நாடுகள் சபை 2003-ல் ரசாயனங்களுக்கு உலகம் முழுவதும் ஒரே மாதிரி லேபிள் வேண்டும் என்று ஒரு முறையை வெளியிட்டது. ஜி.எச்.எஸ். என்பார்கள். சிவப்புக் கட்டத்துக்குள் மண்டை ஓடு, தீ, அரிக்கப்பட்ட கை என்று படம் போட்டிருக்கும் அல்லவா, அதுதான். படத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை நாம் யாரும் படிப்பதில்லை. அங்கே எழுதியிருப்பது: 'இஃப் ஆன் ஸ்கின்...' அடுத்த வரி: 'இஃப் இன் ஐஸ்...'. (குடிக்கிற ஐஸ் இல்லை சாமி, கண்கள்!) தோலில் பட்டால் ஆன். துணியில் பட்டாலும் 'ஆன் க்ளோதிங்'. கண்ணில் பட்டால் மட்டும் இன். ஏன்? தோல் ஒரு மூடி. பட்டது மூடிக்கு வெளியே நிற்கிறது. கண்ணுக்கு அப்படிச் சொல்ல முடியாது. இமைக்குள் புகுந்துவிட்டால் உள்ளேதான். தோலுக்கு நிறைய தண்ணீர் விட்டுக் கழுவு என்கிறது லேபிள். கண்ணுக்குப் பல நிமிடம் தொடர்ந்து, ஜாக்கிரதையாக அலசு என்கிறது. ப்ரெபொசிஷன் மாறும்போது வைத்தியமும் மாறுகிறது, கவனித்தீர்களா?

இதை நான் நேரிலேயே பார்த்தேன். இன்-பிளாண்ட் டிரெயினிங் போன ஓர் ஆலையில் (பெயர் வேண்டாம்), எங்கள் செட் பையன் ஒருவன் பெஞ்ச் கிரைண்டரில் டூல் பிட் தீட்டிக்கொண்டிருந்தான். "டேய், கண்ணுல என்னமோ பூந்துடுச்சுடா" என்று கத்தினான். ஓடி வந்த ஷிப்ட் இன்ஜினீயருக்குத் தமிழ் தெரியாது. இவன் 'சார், டஸ்ட், டஸ்ட் ஆன் ஐ சார்' என்றான். கன்னமெல்லாம் கரித்தூள். அவர் முகத்தில் ஒட்டியிருக்கிற தூசியைத்தான் சொல்கிறான் என்று நினைத்து, பையிலிருந்த கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்து, 'வைப் இட், வைப் இட்' என்றார். பெரியவர் சொல்கிறாரே என்று இவனும் அழுந்தத் துடைத்தான். உள்ளே இருந்தது இரும்புத் துகள். தேய்க்கத் தேய்க்கக் கருவிழியில் கீறியது. கண் சிவந்து நீராகக் கொட்டிய பிறகுதான் அவருக்கு விஷயம் விளங்கி, வண்டி பிடித்து அனுப்பினார். நல்ல வேளை, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு நாள் பட்டி கட்டிக்கொண்டு திரிந்தான். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை, அதுதான் முதல் காரணம். ஆனால் 'சம்திங் இன் மை ஐ' என்ற நாலு சொல் அந்த இடத்தில் கர்ச்சீப்புக்குப் பதிலாகத் தண்ணீரைக் கொண்டுவந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவன் டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் எழுதியிருந்தது: 'ஃபாரின் பாடி இன் த ஐ'. அதைப் படித்துவிட்டு, வெளிநாட்டுப் பார்ட்டி யாரையோ பார்த்துக் கண் கூசிவிட்டது என்று ஹாஸ்டலில் ஒரு வாரம் ஓட்டினோம். ஃபாரின் பாடி என்றால் உடம்புக்குச் சொந்தமில்லாத அந்நியப் பொருள், அவ்வளவுதான்.

கண்ணைப் பற்றிப் பேசும்போதே வெல்டிங் தோழர்களுக்கு ஒன்று. ஷீல்டு இல்லாமல் ஆர்க்கைப் பார்த்தால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டாற்போல் உறுத்தும். நிஜத்தில் மண் ஒன்றும் இல்லை. ஆனால் உணர்வு உள்ளேதான். 'இட் ஃபீல்ஸ் லைக் சேண்ட் இன் மை ஐஸ்' என்றால் எந்த ஊர் டாக்டரும் உடனே 'வெல்டிங் பார்த்தாயா?' என்று கேட்பார்.

உள், மேல் என்ற பிரிவினை வெறும் இங்கிலீஷ் இலக்கணச் சேட்டை என்று நினைத்தால் ஒரு சம்பவம் சொல்கிறேன். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்று ஓர் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர். 1901, 1902-ல் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களோடு பழகி அவர்கள் வாழ்க்கையை எழுதினார். கூடவே அவர்களுடைய பார்வை முதலான புலன்களையும் சோதித்து 1905-ல் தனிக் கட்டுரை வெளியிட்டார். ஊருக்குத் திரும்பிய பின் அவருடைய நண்பர் ஹென்றி ஹெட் என்ற டாக்டர் ஒரு விபரீதமான காரியம் செய்தார். தோல் உணர்ச்சி எப்படி வேலை செய்கிறது என்று நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், 1903 ஏப்ரலில் தன் இடது முன்கையில் ஓடும் தோல் நரம்புகளையே ஆபரேஷன் செய்து அறுக்கச் சொல்லிவிட்டார்! அறுந்த நரம்பு மீண்டும் வளர வளர, கேம்பிரிட்ஜில் ரிவர்ஸின் அறையில் நாலு வருஷம் போலச் சோதனை நடந்தது. ரிவர்ஸ் குத்துவார், தடவுவார். ஹெட் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

என்ன தெரிந்தது? நரம்பு அறுந்த இடத்தில் பஞ்சால் தடவினால் தெரியவில்லை. ஊசியால் குத்தினால் தெரியவில்லை. ஆனால் விரலால் அழுத்தினால் மட்டும் நன்றாகத் தெரிந்தது! ஆக, தோலின் உணர்ச்சிக்கு ஒரு வழி, உள்ளே இருக்கும் தசைக்கும் மூட்டுக்கும் வேறு வழி. இருவரும் சேர்ந்து 1908-ல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் கட்டிய சித்தாந்தத்தில் பாதியைப் பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை என்றாலும், மேல் வேறு, ஆழம் வேறு என்ற விஷயம் நின்றுவிட்டது. தோலில் எறும்பு கடித்தால் அந்த இடத்தில் சரியாக விரலை வைத்துவிடுகிறோம். வயிற்றுக்குள் வலித்தால் உள்ளங்கையை விரித்து 'இந்தப் பக்கமா எங்கியோ' என்று தடவுகிறோம். விரலால் காட்டுவது பெரும்பாலும் ஆன், உள்ளங்கையால் காட்டுவது இன் என்று நான் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன். பரீட்சைக்கு உதவாது, பேச்சுக்கு உதவும்.

இந்தக் குறுக்கு வழிக்கு அடங்காதவையும் உண்டு. மரத்துப் போவதும் விறுவிறுப்பதும் தோலில்தான் தெரிகிறது. ஆனாலும் இங்கிலீஷில் 'நம்னஸ் இன் மை ஃபிங்கர்ஸ்', 'டிங்க்ளிங் இன் மை ஹேண்ட்' என்று இன் தான் போடுகிறார்கள். அதிரும் கிரைண்டரையும் நியூமேட்டிக் சுத்தியலையும் வருஷக்கணக்கில் பிடிப்பவர்களுக்கு விரல் இப்படி மரத்து, வெளுத்துப் போகும். அது ஒரு தொழில் நோய். ஆகவே இந்த வரியை மனப்பாடமே செய்துவிடுங்கள். நெஞ்சின் மேல் அம்மிக்கல்லை வைத்தாற்போல் இருந்தால் 'எ வெயிட் ஆன் மை செஸ்ட்'. பாரம் மேலே இருக்கிறது அல்லவா! அதே நெஞ்சு இறுகினால் 'டைட்னஸ் இன் மை செஸ்ட்'. அடி வாங்கும்போதும் இந்தக் கணக்கு உண்டு. கெட்டியான இடமானால் ஆன்: ஹிட் ஆன் த ஹெட், ஆன் த ஷோல்டர். குழைவான இடமானால் இன்: ஹிட் இன் த ஸ்டமக், இன் த ஐ. இங்கே 'மை'க்குப் பதில் 'த' வருவதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுத்து வலியைச் சொல்லும்போது மட்டும் வாயில் கொஞ்சம் கவனம் வேண்டும். 'ஐ ஹாவ் எ பெயின் இன் த நெக்' என்றால் வைத்தியம். 'யூ ஆர் எ பெயின் இன் த நெக்' என்றால் எதிரில் நிற்பவரைத் தலைவேதனை என்று திட்டுவது. சூப்பர்வைசரிடம் அவசரத்தில் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்!

இனி, ஓடுகிற வலி. சில வலி ஓர் இடத்தில் நிற்காது. தமிழில் இதை அழகாகச் சொல்வோம்: "இடுப்புல இருந்து கால் வரைக்கும் சுர்ருனு இழுக்குது." இதற்கு இன்னும் போதாது, ஆன்னும் போதாது. கிளம்பிய இடத்துக்கு 'ஃப்ரம்', இறங்கும் வழிக்கு 'டவுன்'. 'த பெயின் ஷூட்ஸ் ஃப்ரம் மை லோயர் பேக் டவுன் மை லெக்'. பாரம் தூக்குகிறவர்களுக்கு வரும் சயாட்டிகா இதுதான். கீழ் முதுகில் நசுங்கும் நரம்பு கால் வரை ஓடுவதால் வலியும் அதே ரூட்டில் ஓடுகிறது. வெறுமனே 'பெயின் இன் மை லெக்' என்று சொன்னால் கேட்பவர் காலைத்தான் பார்ப்பார். கோளாறு இருப்பதோ முதுகில்.

மாரடைப்பும் இதே ஜாதி. நெஞ்சில் ஆரம்பித்து இடது கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவும். 'ஃப்ரம் மை செஸ்ட் டு மை லெஃப்ட் ஆர்ம்' என்று ஒருவர் சொன்னால் டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று யாரும் உட்காரக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். சிறுநீரகக் கல் விலாவில் கிளம்பிக் கவட்டை வரை இறங்கும். வெயிலிலும் ஃபர்னஸ் பக்கத்திலும் தண்ணீர் குடிக்காமல் நிற்பவர்களுக்கு அந்த அனுபவம் உண்டு. குடல்வால் அழற்சியில் முதலில் தொப்புளைச் சுற்றி, அதாவது 'அரவுண்ட் த நேவல்'. பிறகு வலது அடிவயிற்றுக்கு நகரும், 'டு த லோயர் ரைட் சைட்'. டெங்குவில் கண்ணுக்குப் பின்னாடி வலிக்கும், 'பிஹைண்ட் த ஐஸ்'. நெற்றி பூராவும் என்றால் 'அக்ராஸ் மை ஃபோர்ஹெட்', விலா எலும்புக்குக் கீழே என்றால் 'அண்டர் மை ரிப்ஸ்'. ஆனால் 'ஐ ஆம் அண்டர் பெயின்' என்று எங்கேயும் கிடையாது. வலியில் இருக்கிறார் என்பது 'ஹி இஸ் இன் பெயின்'. இந்த ஒரு இடத்தில் நம்ம 'ல' அப்படியே பொருந்துகிறது.

இப்போது கொஞ்சம் ஏமாற்றும் ஒரு 'ஆன்'. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பெயின் ஆன் வாக்கிங்', 'பெயின் ஆன் ஸ்வாலோயிங்' என்று இருக்கும். இது இடத்தைச் சொல்லும் ஆன் அல்ல, நேரத்தைச் சொல்லும் ஆன். நடக்கும்போது, விழுங்கும்போது. சும்மா இருக்கும்போது என்றால் 'அட் ரெஸ்ட்'. மாடிப்படி ஏறினால் நெஞ்சு வலித்து, நின்றால் அடங்குகிறது என்றால் 'பெயின் ஆன் எக்ஸர்ஷன்'. உட்கார்ந்திருக்கும்போதே வலித்தால் 'பெயின் அட் ரெஸ்ட்'. இரண்டுமே டாக்டரிடம் போக வேண்டியவை. இரண்டாவது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாதது. 'அட்'டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சரியாக ஒரு புள்ளியைக் காட்ட வேண்டுமென்றால் அதுதான்: ஊசி போட்ட இடத்தில், கட்டைவிரல் அடியில், 'அட் த பேஸ் ஆஃப் மை தம்ப்'. டிராயிங்கில் சென்டர் பாயிண்ட் குறிக்கிறோமே, அதுபோல.

காரணம் சொல்வதில் நம் மூன்றாம் வேற்றுமை 'ஆல்' ஒன்றே எல்லா வேலையும் பார்க்கும். காய்ச்சலால் அவதிப்படுகிறான், குளிரால் நடுங்குகிறான், ஆசிடால் வெந்துவிட்டது. இங்கிலீஷ் இதை மூன்றாகக் கிழிக்கிறது: சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஷிவரிங் வித் கோல்ட், பர்ன்ட் பை ஆசிட். நோய் என்றால் ஃப்ரம், நடுங்கவும் வெடவெடக்கவும் வைத்தது என்றால் வித், வெளியிலிருந்து தாக்கியது என்றால் பை. ஓரளவுக்கு இது தாங்கும், எல்லா இடத்திலும் தாங்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். காய்ச்சலோடு படுத்துக் கிடப்பவரை 'டவுன் வித் ஃபீவர்' என்பார்கள், அங்கே ஃப்ரம் இல்லை.

நாலாம் வேற்றுமை 'கு' மட்டும் நமக்கு நண்பன். வெளிச்சத்துக்குக் கண் கூசுது: 'சென்சிடிவ் டு லைட்'. தூசிக்கு அலர்ஜி: 'அலர்ஜிக் டு டஸ்ட்'. கு வந்த இடத்தில் டு வந்துவிட்டது. இந்தச் சந்தோஷத்தில் 'எனக்கு வலிக்குது' என்பதையும் 'டு மீ' என்று ஆரம்பித்தால்தான் மாட்டிக்கொள்வோம். தமிழில் வலி என்னிடம் வந்து சேருகிறது. நான் வாங்கிக்கொள்பவன், அதனால் கு. இங்கிலீஷில் வலியை நான் 'வைத்திருக்கிறேன்', ஐ ஹாவ். அல்லது உறுப்பே வலிக்கிறது: மை லெக் ஹர்ட்ஸ். எனக்கென்னவோ தமிழ்தான் நியாயமாகப் படுகிறது. யாராவது வலியைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வார்களா? 'மை லெக் இஸ் பெயினிங்' என்பது நம் நாட்டு வழக்கு. இங்கே எல்லோருக்கும் புரியும், வெளிநாட்டுக்காரர் காதுக்குத்தான் விநோதமாக இருக்கும்.

ஓ.பி. சீட்டின் தலையில் டாக்டர் 'சி' போட்டு, ஒரு சாய்கோடு போட்டு, 'ஓ' போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மணியார்டர் பாரத்தில் போடும் 'கேர் ஆஃப்' என்று நினைத்து, அப்பா பெயரை விட்டுவிட்டாரே என்று கவலைப்பட்டவர்கள் நம் ஹாஸ்டலில் உண்டு. அது 'கம்ப்ளெயின்ஸ் ஆஃப்'. ஹி கம்ப்ளெயின்ஸ் ஆஃப் பெயின் இன் த லெஃப்ட் நீ. இடது முழங்காலில் வலி என்கிறார் என்று பொருள். யார் மேலும் புகார் கொடுக்கவில்லை. நோயைச் சொல்லும் இந்த இடத்தில் 'ஆஃப்'தான் வரும். 'கம்ப்ளெயின் அபவுட்' என்பது கேன்டீன் சாம்பாருக்கு!

ப்ரெபொசிஷன் சரியாகிவிட்டாலும் எந்த மாதிரி வலி என்று சொல்ல ஒரு சொல் வேண்டும். நம்மிடம் அதற்குப் பஞ்சமில்லை. விண்விண், சுருக்சுருக், கடுகடு, குடைச்சல், உளைச்சல், எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, நமைச்சல். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் என்பவர், நோயாளிகள் வலியைச் சொல்லும் இங்கிலீஷ் சொற்களைச் சேகரித்து, 78 சொல்லை 20 பிரிவாக்கி 1975-ல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார். டாக்டர்கள் அதை உலகமெங்கும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. த்ராபிங், பர்னிங் எல்லாம் சரி. கூடவே டிரில்லிங், போரிங், பிரெஸ்ஸிங், க்ரஷிங், ரெஞ்சிங்! மெஷின் ஷாப்பை அப்படியே தூக்கி உடம்புக்குள் வைத்துவிட்டார்கள். மெக்கானிக்கல் மாணவனுக்கு இதைவிடச் சுலபமான பாடம் உண்டா? விண்விண் என்றால் த்ராபிங், சுருக் என்றால் பிரிக்கிங், குடைச்சல் என்றால் போரிங். சலிப்பு என்ற அர்த்தத்தில் அல்ல, நம் போரிங் மெஷின் போடும் அதே போரிங்.

அந்தப் போரிங் வலிக்கும் ப்ரெபொசிஷன் உண்டு. டிராயிங் ஷீட்டில் 'ப்ளைண்ட் ஹோல்', 'த்ரூ ஹோல்' என்று இரண்டு வகை போடுகிறோம். பாதியில் நிற்கும் துளை ஒன்று, மறுபக்கம் வெளியே வந்துவிடும் துளை ஒன்று. கணையம் வீங்கினால் மேல்வயிற்றில் குடைய ஆரம்பிக்கும் வலி முதுகு வரை ஊடுருவிப் போகும். அதை 'போரிங் த்ரூ டு த பேக்' என்று எழுதுவார்கள். த்ரூ ஹோல் வரைந்து டைமென்ஷன் போடத் தெரிந்த நமக்கு, அந்த 'த்ரூ' எதைச் சொல்கிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.